ரயில் பாதை டெண்டர்: காண்ட்ராக்டர்களுக்கு சைட் காட்டுவதை எப்படி ஏற்பாடு செய்வது?

புதுத்தடம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ரயில்வே கட்டுமானப் பிரிவில் எனக்கு இது மூன்றாவது வருடம். இதுவரை அளவுப் புத்தகம், பில் சரிபார்ப்பு என்றே போனது. இப்போது முதல்முறையாக ஒரு டெண்டரில் சைட் விசிட் ஏற்பாடு முழுக்க என் பொறுப்பில் வந்திருக்கிறது.

வேலை 41 கிலோமீட்டர் புதுப் பாதை. முதல் 17 கிலோமீட்டர், ரயில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய தடத்தை ஒட்டியே போகிறது. அங்கே 25 கிலோவோல்ட் மின்கம்பி இருக்கிறது. அதைத் தாண்டினால் வயல்வெளி, ஒரு ஆற்றுப் பாலம், கடைசியில் 1.8 கிலோமீட்டர் சுரங்கம். நிலம் முழுவதும் இன்னும் கைக்கு வரவில்லை. டெண்டர் ஆவணத்தை 11 நிறுவனங்கள் வாங்கியிருக்கின்றன. டெண்டர் போட 45 நாள் அவகாசம்.

"ஒரு நாள் குறி, பஸ் பிடி, காட்டிவிட்டு வா" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அவ்வளவு சுலபமாக எனக்குப் படவில்லை. எல்லோரையும் ஒன்றாக அழைத்துப் போவதா, தனித்தனியாகவா? வராதவர் டெண்டர் போட முடியாது என்று விதிக்கலாமா? அங்கேயே கேள்வி கேட்டால் பதில் சொல்லலாமா? ஓடும் தடத்தின் பக்கத்தில் முப்பது நாற்பது பேரை எப்படி நடக்க வைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மைல்கல்

பஸ்ஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஆவணம் வெளியான நாள், விசிட், ப்ரீ-பிட் கூட்டம் (டெண்டர் போடும் முன் சந்தேகம் தீர்க்கும் கூட்டம்), கேள்வி அனுப்பக் கடைசி நாள், பதிலும் திருத்தமும் வெளியாகும் நாள், டெண்டர் போடக் கடைசி நாள். விசிட்டை இந்த வரிசையில் எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

ஆவணம் வெளியான நாலாம் நாளே கூட்டிக்கொண்டு போனால், வருகிறவர் வரைபடத்தைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் செயினேஜ் (பாதையின் தொடக்கத்திலிருந்து தூரம்) சொல்லச் சொல்லத் தலையாட்டிவிட்டுப் போவார். ரொம்பத் தள்ளி வைத்தாலோ, பார்த்ததை வைத்து அவர் கேள்வி எழுதவும் நீங்கள் பதில் போடவும் நாள் இருக்காது. நான் வேலையில் இருந்தவரை இரண்டரை, மூன்று வாரம் கழித்துத்தான் விசிட் வைப்பேன். அதற்கு மறுநாள் கூட்டம்.

உலக வங்கியின் பொது டெண்டர் ஆவணத்தை ஒருமுறை படியுங்கள், அந்த வங்கிக் கடனில் நடக்காத வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. தளத்தைப் பார்ப்பது டெண்டர் போடுபவரின் சொந்தப் பொறுப்பிலும் செலவிலும் என்று அதில் தெளிவாக இருக்கும். கேள்விகள் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் வர வேண்டும். யார் கேட்டது என்று காட்டாமல் கேள்வியையும் பதிலையும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். ஆவணத்தில் எதை மாற்றுவதானாலும் அடெண்டம் என்ற முறையான திருத்த அறிவிப்பு வழியாகத்தான், கூட்டக் குறிப்பு வழியாக இல்லை. இந்தக் கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷரத்து

மைல்கல் ஐயா சொன்ன மூன்று வாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. புதுத்தடம், உங்கள் ஒப்பந்தம் ஃபிடிக் (பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு) வடிவமா? எந்த ஆண்டுப் பதிப்பு?

கேட்பதற்குக் காரணம் உண்டு. எதிர்பாராத நிலைமை என்று காண்ட்ராக்டர் பின்னால் பணம் கேட்பது 4.12ஆம் பிரிவில். அனுபவமுள்ள ஒரு காண்ட்ராக்டர் முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. எந்தத் தேதிக்குள் ஊகித்திருக்க வேண்டும்? 1999 பதிப்பில் டெண்டர் சமர்ப்பிக்கும் தேதி. 2017 பதிப்பில் அது அடிப்படைத் தேதியாக மாறிவிட்டது. அதாவது, டெண்டர் போடக் கடைசி நாளுக்கு 28 நாள் முன்பு.

உங்களுக்கு 45 நாள். அதில் 28 போனால் 17. விசிட் 21ஆம் நாள் நடந்தால், காண்ட்ராக்டர் தளத்தைப் பார்த்ததே அடிப்படைத் தேதி தாண்டித்தான். நாளைக்கு வழக்கு வந்தால், "நீங்கள் காட்டிய நாளுக்கு நாலு நாள் முன்பே நான் ஊகித்திருக்க வேண்டுமா?" என்று அவர் கேட்பார். பதில் சொல்ல நீங்கள் திணறுவீர்கள். ஒன்று, விசிட்டை 17ஆம் நாளுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் மொத்த அவகாசத்தை நீட்டுங்கள். சுரங்கம் இருக்கிற வேலைக்கு 45 நாள் என் கணக்கில் ரொம்பக் குறைவு.

புதுத்தடம்

2017 பதிப்புதான், ஷரத்து சார். இந்த 28 நாள் கணக்கு எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. நாளைக்கே குறிப்பு எழுதி மேலே அனுப்புகிறேன்.

ஒற்றைலாரி

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன். சின்ன நிறுவனம். மண் வேலை, கல்வெர்ட், சிறு பாலம் எடுப்போம். உங்கள் வேலையில் பெரிய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து வருகிறவர்களில் என்னைப் போலப் பலர் இருப்பார்கள்.

சில வருடம் முன்பு ஒரு பாதை வேலை. புதன்கிழமை மாலை மின்னஞ்சல் வருகிறது, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு சைட் விசிட். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிப் போனேன். ஏழே கால் ஆகிவிட்டது, பஸ் கிளம்பிவிட்டது. பின்னாலேயே போகிறேன் என்றேன், அனுமதிக்கவில்லை. விசிட் சான்றிதழ் இல்லாமல் டெண்டர் போட முடியாது என்பது விதி. இரண்டு மாதம் செய்த கணக்கு வேலை அந்தக் கால் மணி நேரத்தில் போனது. உள்ளூரிலேயே முகாம் போட்டிருந்த மூன்று நிறுவனங்கள் மட்டும் போட்டியில் நின்றன.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். வராவிட்டால் தகுதி இல்லை என்று போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் பத்து நாள் முன்னால் தேதியைச் சொல்லுங்கள், இரண்டாவதாக ஒரு நாளும் வையுங்கள்.

டெண்டர்மேசை

ஒற்றைலாரி அண்ணன் சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் பெரிய நிறுவனத்தில் விலை போடும் பிரிவில் இருக்கிறேன். கட்டாய விசிட்டில் இன்னொரு கேடும் உண்டு. அன்றைக்கு யார் வந்தார்களோ அவர்கள் மட்டும்தான் போட்டியில் இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பஸ்ஸில் ஏறியதும் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது தலையை எண்ணுவதுதான். நாலு பேர்தான் போட்டி என்று தெரிந்தால் விலை ஒரு மாதிரி, பத்துப் பேர் என்றால் வேறு மாதிரி. அரசுப் பணம் அங்கேயே கசிகிறது.

வருகைப் பதிவையும் கவனியுங்கள். ஒரே தாளை மேசையில் வைத்து, எல்லோரும் ஒருவர் பெயருக்குக் கீழ் ஒருவர் கையெழுத்துப் போடுவார்கள். பத்தாவதாகப் போடுபவர் ஒன்பது பெயரையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வார். நிறுவனத்துக்கு ஒரு தாள் தனியாக வையுங்கள். மின்னஞ்சலும் அப்படித்தான், 11 முகவரியையும் ஒரே வரியில் போட்டு அனுப்பிவிட்டால் ரகசியம் என்று ஒன்று மிச்சமில்லை.

ஷரத்து

பன்னாட்டு அளவிலும் இதையே சொல்கிறார்கள். டெண்டரில் கூட்டுச் சதியைத் தடுக்க ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில், டெண்டர் போடக்கூடியவர்களை ஒரே இடத்தில் கூட்டி வைக்கும் முன்கூட்டங்களை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. ஆகவே என் வாக்கு தனித்தனி விசிட்டுக்கு. நிறுவனத்துக்கு அரை நாள்.

மைல்கல்

ஷரத்து, காகிதத்தில் அது சரி. ஆனால் 11 நிறுவனத்துக்கு 11 அரை நாள் என்றால், மூன்றாம் நாள் காட்டும் பொறியாளர் களைத்துப்போவார், ஆறாம் நாள் சுருக்கிச் சொல்வார். ஒரு நிறுவனத்தின் ஆள் பழைய சிநேகிதனாக இருப்பார், அவரிடம் மட்டும் நாலு வார்த்தை கூடப் பேசிவிடுவார். எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிப் போனால் எல்லோர் காதிலும் ஒரே வார்த்தைதான் விழும். தனித்தனி விசிட்டால் சம வாய்ப்பு கெட்டதை நானே பார்த்திருக்கிறேன். முதல் நாள் போனவருக்குச் சொல்லாத ஒரு குவாரி விவரம் கடைசி நாள் போனவருக்குக் கிடைத்தது, யாரும் வேண்டுமென்று செய்யாமலே.

ஷரத்து

அதற்கு வழி இருக்கிறது, ஐயா. எங்கே நிறுத்துவது, ஒவ்வொரு இடத்திலும் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி, அதைத்தான் எல்லோரிடமும் வாசிக்க வேண்டும். அந்தத் தாளையே பிறகு எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். தாளில் இல்லாததை யாராவது கேட்டால் "எழுதிக் கொடுங்கள்" என்பது மட்டுமே பதில்.

பச்சைக்கொடி

இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். நான் தடத்தில் இருக்கிறவன், பாதைப் பராமரிப்பு மேற்பார்வையாளர். 11 குழு 11 தடவை ஓடும் தடத்துக்குப் பக்கத்தில் இறங்கினால், விபத்துக்கு வாய்ப்பும் 11 தடவை. என் பகுதியில் அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். ரயில் வந்து சேர 10 நொடி இருக்கும்போதே எல்லோரும் பாதுகாப்பான இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்பது பிரிட்டன் ரயில்வேயில் விதி. அந்தப் பத்து நொடியில் ரயில் 280 மீட்டர் வந்துவிடும். தடம் தெரியாத நாற்பது பேர், பாதிப் பேர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேர் செல்போனில். விசில் கேட்டு அவர்கள் ஒதுங்குவதற்கே அரை நிமிடம் ஆகும். அப்படியானால் கண்காணிப்பவர் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவிலேயே ரயிலைப் பார்த்திருக்க வேண்டும். வளைவிலும் வெட்டுப் பள்ளத்திலும் அவ்வளவு தூரம் தெரியவே தெரியாது. கால அட்டவணையை நம்பவும் முடியாது, சரக்கு ரயில் அட்டவணை பார்த்து வருவதில்லை.

எனவே புதுத்தடம், அந்த 17 கிலோமீட்டருக்கு இரண்டே வழி. ஒன்று, லைன் பிளாக் (குறித்த நேரத்துக்கு அந்தத் தடத்தில் ரயில் விடாமல் நிறுத்தும் அனுமதி) வாங்கிக்கொண்டு இறங்குவது. இரண்டு, தடத்தில் இறங்காமலே காட்டுவது, தண்டவாளத்தில் ஓடும் ஆய்வு வண்டியான இன்ஸ்பெக்ஷன் கார் பின்கண்ணாடி வழியாகவோ சர்வீஸ் ரோட்டிலிருந்தோ. பிளாக் இரண்டு மணி நேரம் கேட்டால் நாற்பது நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

மின்கம்பி விஷயத்துக்கு வருகிறேன். 25 கிலோவோல்ட்டைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும். குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், சில ரயில்வேகளில் 2.75 மீட்டர். கம்பி தண்டவாளத்துக்கு மேல் சுமார் ஐந்தரை மீட்டரில்தான் போகிறது. லெவலிங் ஸ்டாஃப் என்ற 5 மீட்டர் அலுமினிய அளவுகோலை ஒருவர் ஆர்வத்தில் நிமிர்த்திப் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குடையும் அப்படித்தான். மழை வந்தால் ரெயின்கோட், குடை வேண்டாம்.

இரும்பு டேப்பையும் தடை செய்யுங்கள். தடத்தின் அகலத்தை அளக்கிறேன் என்று இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே டேப்பை வைத்தால், தண்டவாளத்தில் மின்சாரம் ஓட்டி ரயில் இருப்பதைக் கண்டறியும் டிராக் சர்க்யூட்டுக்கு அங்கே ரயில் நிற்பதாகத் தோன்றும். சிக்னல் சிவப்பாகிவிடும். வெளியூரிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் நடுவழியில் நிற்கும்.

மேலுடை ஆரஞ்சு நிறத்தில் கொடுங்கள். சிவப்போ பச்சையோ வேண்டாம், கொடி என்று ஓட்டுநர் தவறாக எண்ண இடம் கொடுக்கக் கூடாது.

மைல்கல்

பச்சைக்கொடி சொல்வதற்கு மேல் பேச்சில்லை. பாதுகாப்புக்கு முன்னால் கூட்டுச் சதிக் கவலை இரண்டாம்பட்சம்தான்.

கல்லும்மண்ணும்

சுரங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! நான் நிலத்தொழில்நுட்பப் பொறியாளர். 1.8 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு விலை போடுபவர் மலையின் வெளிப்பக்கத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வார்? அவர் பார்க்க வேண்டியது கோர் பெட்டிகளை, அதாவது மலையைத் துளைத்து எடுத்த பாறைத் துண்டுகளை அடுக்கிய பெட்டிகளை.

துளையில் என்ன கிடைத்தது என்று எழுதிய போர் லாக் தாளில் "ஓரளவு சிதைந்த பாறை" என்று ஒரு வரி இருக்கும். அது எழுதியவரின் கணிப்பு. பெட்டியைத் திறந்தால்தான் துண்டுகள் எவ்வளவு நீளத்தில் வந்திருக்கின்றன, பிளவுகளில் களிமண் படிந்திருக்கிறதா, எந்தக் கோணத்தில் உடைந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான துண்டுகளைக் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்து, பாறையின் தரத்தைக் காட்டும் ஆர்க்யூடி சதவீதம் சொல்வோம். அந்த எண்ணைத் தாளில் பார்ப்பதற்கும், துண்டைக் கையில் எடுத்து நகத்தால் கீறிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் கோடிக்கணக்கில். தெரியாத பாறைக்கு யாராக இருந்தாலும் பயத்தையும் சேர்த்துத்தான் விலை போடுவார்கள்.

புதுத்தடம், போய் உங்கள் கோர் கொட்டகையை இன்றைக்கே பாருங்கள். பெட்டிகளில் துளை எண்ணும் ஆழமும் அழியாமல் இருக்கிறதா? வரிசை கலைந்திருக்கிறதா? ஷேல் மாதிரிக் களிப்பாறையாக இருந்தால், வெளியே எடுத்துச் சில மாதத்தில் காய்ந்து உதிர்ந்துபோகும். இப்போது பார்ப்பவர் மலைக்குள்ளும் அது அப்படித்தான் இருக்கிறது என்று நினைப்பார். அதனால் துளைத்த அன்றே எடுத்த படத்தைப் பெட்டியின் பக்கத்தில் வையுங்கள். மேசை, நல்ல வெளிச்சம், ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். ஈரப்படுத்தினால்தான் பிளவுகள் கண்ணுக்குத் தெரியும். நிறுவனத்துக்கு மூன்று மணி நேரமாவது கொடுங்கள், தனித்தனியாக. இங்கே ரயில் ஓடவில்லை, பச்சைக்கொடி அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டெண்டர்மேசை

அக்கா சொன்னதை எங்கள் தரப்பிலிருந்தும் உறுதிசெய்கிறேன். கோர் பெட்டி காட்டாத சுரங்க வேலையில் நாங்கள் விலையை ஏற்றித்தான் போடுவோம், வேறு வழியில்லை.

இன்னொன்று. நீங்கள் காட்ட நினைப்பது பாதையை. நாங்கள் பார்க்க வருவது பாதிக்குமேல் பாதைக்கு வெளியே. பாலத்துக்கான 30 மீட்டர் கர்டர் ஏற்றிய டிரெய்லர் அந்தக் கிராமச் சாலை முனையில் திரும்புமா? வழியில் இருக்கும் பழைய பாலம் அந்த எடையைத் தாங்குமா? தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ, நீளமாக வெல்டு செய்தவற்றை எங்கே இறக்கி வைப்பது? சுரங்கத்திலிருந்து வரும் கல்லை எங்கே கொட்டுவது? தண்ணீர், மின்சாரம் எங்கிருந்து? இதையெல்லாம் பார்க்க உங்கள் பஸ் தேவையில்லை, வழிகாட்டியும் தேவையில்லை. ஒரு வரைபடமும் அனுமதிக் கடிதமும் கொடுத்தால் நாங்களே இரண்டு மூன்று நாள் சுற்றிப் பார்த்துக்கொள்வோம். விசிட் என்றால் ஒரே ஒரு நாள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மைல்கல்

தனியாகச் சுற்றுவது சரி, ஆனால் நிலம் இன்னும் கைக்கு வராத பகுதியில் ஜாக்கிரதை. முன்பின் தெரியாத பத்துப் பேர் வரைபடத்தோடு வயலுக்குள் வந்து நின்றால், அந்த விவசாயிக்கு வயிறு கலங்கும். இழப்பீடு பேசி முடிக்கவில்லை, அதற்குள் யாரோ வந்து தன் கிணற்றுக்குப் பக்கத்தில் கை நீட்டிப் பேசுகிறார்கள். ஒருமுறை இப்படித்தான், காண்ட்ராக்டர் ஆள் ஒருவர் நல்லெண்ணத்தில் "உங்கள் வீடு போகாது" என்று சொல்லிவிட்டார். கடைசியில் பாதைக்காக அந்த வீடு போனது. அந்தக் குடும்பம் எங்களை நம்பவே இல்லை, நியாயம்தானே.

எனவே ஊர்ப் பெரியவர்களிடமும் நில உரிமையாளர்களிடமும் நம் ஆள் முன்னாலேயே போய்ச் சொல்ல வேண்டும். இன்ன தேதியில் வருவார்கள், பார்ப்பதற்கு மட்டும், அளவு எடுக்க மாட்டார்கள், பயிரில் கால் வைக்க மாட்டார்கள் என்று. வருகிறவர்களுக்கும் நிலம் பற்றி, இழப்பீடு பற்றி, வேலைவாய்ப்பு பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள்.

ஒற்றைலாரி

ஆற்றுப் பாலம் இருக்கிறதல்லவா, எந்த மாதத்தில் காட்டப்போகிறீர்கள்? கோடையில் போனால் மணல்தான் தெரியும். பாலத்தூணுக்கு அஸ்திவாரம் போட எத்தனை மாதம் கிடைக்கும் என்பது வெள்ளத்தைப் பொறுத்தது. வெள்ளக் குறி எதிலாவது இருந்தால் அதைக் காட்டுங்கள், வெள்ள காலத்தில் எடுத்த படம் இருந்தால் எல்லோருக்கும் கொடுங்கள். எங்களை மாதிரி ஆட்கள் இரண்டாம் தடவை வந்து பார்க்கச் செலவு தாங்காது. முழு விசிட்டையும் வீடியோ எடுத்துப் போட்டாலும் பெரிய உதவி.

ஷரத்து

வீடியோவை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அதில் ஆட்களின் முகமோ குரலோ வரக் கூடாது. விசிட் நடக்கும்போது எடுக்காமல், முந்தைய நாள் அதே வழியில் போய் நீங்களே எடுத்துவிடுங்கள். எந்தத் தேதியில், எந்தச் செயினேஜில் எடுத்தது என்று ஒவ்வொரு துண்டிலும் இருக்கட்டும். நாலு வருடம் கழித்து, "அங்கே அந்தக் குழாய் இருந்ததா இல்லையா" என்று சண்டை வரும்போது இரண்டு தரப்பும் அந்தப் படத்தைத்தான் தேடுவார்கள்.

உறுதிமொழிக் கடிதத்தையும் மறக்காதீர்கள். காயம், உயிரிழப்பு, சேதம் எதற்கும் வேலையைக் கொடுக்கும் துறை பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுத்தால்தான் தளத்துக்குள் அனுமதி என்பது உலக வங்கி ஆவணத்திலும் உண்டு. வருகிற பொறியாளரின் கையெழுத்து மட்டும் போதாது, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் போட வேண்டும். விசிட் காலையில் கேட்டால் கிடைக்காது, மூன்று நாள் முன்பே வாங்கிவிடுங்கள்.

பச்சைக்கொடி

அந்தக் கடிதம் இருக்கிறது என்று நாம் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. கையெழுத்து வாங்கிவிட்டால் ஆள் அடிபடாமல் இருக்கப்போவதில்லை.

ஷரத்து

ஒத்துக்கொள்கிறேன். இரண்டும் வேண்டும்.

புதுத்தடம்

எல்லோருக்கும் நன்றி. மேலதிகாரியிடம் இந்த இழையில் வந்ததைத் தொகுத்துக் குறிப்பாகக் கொடுத்தேன். 28 நாள் கணக்கைப் பார்த்ததும் உடனே ஒத்துக்கொண்டார். அவகாசம் 60 நாளாக நீட்டப்பட்டு அடெண்டம் போய்விட்டது. அடிப்படைத் தேதி இப்போது 32ஆம் நாள். விசிட் 20ஆம் நாள் தொடங்குகிறது.

முதல் 17 கிலோமீட்டரை எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில், இன்ஸ்பெக்ஷன் காரில் காட்டுகிறோம். நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் பிளாக் வாங்கி இறங்குவது. நிறுவனத்துக்கு மூன்று பேருக்கு மேல் இல்லை, எட்டுப் பேருக்கு ஒரு கண்காணிப்பாளர். வயல்வெளியும் சாலைகளும் அவரவர் விருப்பப்படி, அனுமதிக் கடிதத்தோடு, குறித்த பத்து நாளுக்குள். கோர் கொட்டகை நிறுவனத்துக்கு மூன்று மணி நேரம், ஒருவரை ஒருவர் பார்க்காதபடி இடையில் ஒரு மணி நேரம் விட்டு. விசிட் கட்டாயமில்லை. கூட்டாகப் போகும் அந்த ஒரு நாளில் யார் யார் என்று தெரிந்துவிடும்தான், அதற்கு வழி தெரியவில்லை.

டெண்டர்மேசை

காரில் உட்காரும்போது நிறுவனப் பெயர் போட்ட தொப்பி, சட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹெல்மெட்டும் நீங்களே கொடுங்கள், எழுத்தில்லாமல். முழுக்க மறைக்க முடியாது, தெரிந்தவருக்குத் தெரிந்த முகம் தெரியத்தான் செய்யும். இருந்தாலும் உபகாரம். சாப்பாடு, வண்டி எதையும் எந்த நிறுவனத்திடமிருந்தும் உங்கள் ஆட்கள் வாங்கக் கூடாது, ஒரு தேநீர்கூட. நல்ல மனதோடு கொடுத்தாலும் பின்னால் புகாராகிவிடும்.

கல்லும்மண்ணும்

கொட்டகையில் நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும், ஆனால் விளக்கம் சொல்லக் கூடாது. பெட்டியைத் திறப்பது, மூடுவது, துண்டுகள் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது மட்டும் போதும். "இது என்ன கல்?" என்று கேட்டால் போர் லாக்கைக் காட்டட்டும்.

புதுத்தடம்

விசிட் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இதே வேலை செய்யப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

கூட்டு விசிட்டுக்கு ஒன்பது நிறுவனம், 26 பேர். காலையில் பாதுகாப்பு வகுப்பு முக்கால் மணி நேரம். அதில் இரும்பு டேப் பற்றிச் சொன்னேன், பையில் இருந்து நாலு டேப் வெளியே வந்தது. வாங்கி வைத்துவிட்டோம். பச்சைக்கொடி அண்ணன் சொல்லாமல் இருந்திருந்தால் இதை நான் கேட்டே இருக்க மாட்டேன்.

முதல் இடத்தில் பிளாக் சரியாகக் கிடைத்தது. இரண்டாவது இடத்தில் சரக்கு ரயிலுக்காக ரத்தானது. இறங்கவில்லை. சிலர் முகம் சுளித்தார்கள், "ஐந்தே நிமிடம், ஓரமாக நின்று பார்க்கிறோம்" என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தின் வீடியோ முந்தைய நாளே எடுத்து வைத்திருந்ததால் மாலையிலேயே அனுப்ப முடிந்தது.

தவறு ஒன்று நடந்தது. சுரங்க வாயிலில் எங்கள் பிரிவுப் பொறியாளரிடம் ஒருவர், தோண்டிய கல்லை எதிரே இருக்கும் பள்ளத்தில் கொட்டலாமா என்று கேட்க, அவர் "கொட்டலாம், பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டார். அந்தப் பள்ளம் எங்கள் எல்லைக்குள்ளேயே இல்லை. எழுதிய தாளை வைத்துக்கொண்டிருந்தும் இப்படி. பின்னால் நின்றிருந்த எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அங்கேயே எல்லோரையும் நிறுத்தி, அந்தப் பதில் செல்லாது, கொட்டும் இடம் பற்றி எழுத்தில் வரும் என்று சொன்னேன். மறுநாளே எல்லா 11 நிறுவனத்துக்கும் கேள்வியையும் சரியான பதிலையும் அனுப்பினோம்.

கோர் கொட்டகைக்கு எட்டு நிறுவனம் வந்தது. ஒரு குழு மூன்று மணி நேரமும் நாலே பெட்டிகளை மட்டும் பார்த்தது, சுரங்கத்தின் 640 முதல் 710 மீட்டர் வரையிலான பகுதி. அதன் பிறகு எழுத்தில் வந்த கேள்விகளில் பாதி அந்த 70 மீட்டரைப் பற்றித்தான். எங்கள் வடிவமைப்பாளரே மறுபடி உட்கார்ந்து, அங்கே இன்னும் இரண்டு துளை போடப் பரிந்துரைத்திருக்கிறார்.

மைல்கல்

பள்ளம் விஷயத்தில் அங்கேயே நிறுத்திச் சொன்னீர்களே, அது பெரிது அம்மா. "மாலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் பெரும்பாலும் விடுவோம். நானும் விட்டிருக்கிறேன், மூன்று வருடம் அதற்கு மத்தியஸ்தர் முன்னால் நின்றோம்.

புது இரண்டு துளை போட்டால் அந்தக் கோர்களையும் எல்லோருக்கும் காட்ட வேண்டும். தேதி இருக்கிறதா?

ஒற்றைலாரி

அதோடு இன்னொரு கேள்வி. கூட்டு விசிட்டுக்கு வராத அந்த இரண்டு நிறுவனம் இப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டால்?

புதுத்தடம்

இரண்டுக்கும் ஒரே பதில். ஒரு நிறுவனம் நேற்றுத்தான் எழுதிக் கேட்டது. அவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. 29ஆம் நாள் மறுபடி இன்ஸ்பெக்ஷன் கார் போகும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று 11 பேருக்கும் தனித்தனி மின்னஞ்சல் போய்விட்டது. புதுத் துளைகளில் ஒன்று 27ஆம் நாளுக்குள் முடியும், அது 30, 31ஆம் நாள்களில் கொட்டகையில் இருக்கும். மற்றது மலைச் சரிவில், இயந்திரம் ஏற்றவே நாளாகிறது. அது 32ஐத் தாண்டினால் கடைசி நாளை மறுபடி தள்ளி வைக்கக் குறிப்பு தயார் செய்து வைத்திருக்கிறேன். ஷரத்து சார், அந்தக் குறிப்பை இன்று இரவு இங்கே போடுகிறேன், வார்த்தைகளை ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?

ஷரத்து

போடுங்கள். காலைக்குள் பார்த்துவிடுகிறேன்.